காற்று விழுந்த மாதங்களும் போக்கர்ப் பொடியன்களும்

1. இடியப்பம் ஆறிய காலை

லொட்ஜ் தொழிலில் ஒரு விருந்தாளி காலைச் சாப்பாட்டைத் தொடாமல் இருந்தால் அதற்கு மூன்று காரணங்கள்தான் உண்டு. ஒன்று வயிறு, மற்றது வீசா, மூன்றாவது காதல். இதை எந்த ஹோட்டல் பாடசாலையிலும் சொல்லித்தரமாட்டார்கள். நான் பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்தது. ஆனால் அன்றைக்கு நாலாம் நம்பர் அறை மரேக், இடியப்பத்தையும் மீன் சொதியையும் முன்னால் ஆறவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்ததற்கு இந்த மூன்றில் ஒன்றும் காரணமில்லை.

என் மனேஜர் ரிஸ்வான் வந்து காதுக்குள் சொன்னான்.

“மொதலாளி, போக்கரெ மூடப் போறாங்களாம்.”

“ஆர் மூடுறது? எங்க இருக்கு அது?”

“கொம்பியூட்டருக்குள்ள ஈக்கிது. கொழும்புல புதுச் சட்டமொண்டு வருதாம். நெட்டுல காசு வெச்சு வெளையாடுற எல்லாத்தயும் பூட்டுறாங்களாம்.”

எனக்கும் இடியப்பம் இறங்கவில்லை. ஏன் என்று சொல்வதற்கு முன் நான் ஆர் என்று சொல்லவேண்டும்.

நான் கதிரேசு. உடப்பில் பிறந்தவன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். கரைவலைக் கயிறு இழுத்தேன். கருவாட்டு மூட்டை ஏற்றிப் பாலாவிச் சந்தியில் இறக்கினேன். பிறகு சொந்தமாக ஒரு லொறி. யுத்தம் முடிந்து கடற்கரையில் ஆமிக் காவல் குறைந்த காலத்தில், இடுப்பில் பெரிய பட்டத்தையும் காலில் பலகையையும் கட்டிக்கொண்டு தண்ணீரில் ஓடுகிற வெள்ளைக்காரர்கள் எங்கள் பக்கம் வரத் தொடங்கினார்கள். இப்போது என் லொட்ஜ் இருக்கிற கண்டக்குழிச் சனம் பட்டத்தைப் பார்த்தது. நான் மட்டும், இவர்கள் கக்கூசுக்கு எங்கே போகிறார்கள் என்று பார்த்தேன். கண்டக்குழியில் முதன்முதல் கொமட் பூட்டியவன் நான்தான். இதைச் சிலர் மறுக்கிறார்கள். அவர்கள் வீட்டு கொமட்டுகள் எல்லாம் எனக்குப் பிறகு வந்தவை.

ஒரு கொட்டில் பத்து அறை லொட்ஜாக வளர்ந்தது. ஆனால் பட்டக்காரரை நம்பிய லொட்ஜுக்கு ஒரு வருத்தம் உண்டு. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் அறை கிடைக்காது. வாடைக் காலத்திலும் ஓரளவு ஓடும். இடையில் காற்று விழுந்துவிடும். கடல் எண்ணெய் ஊற்றினது மாதிரிக் கிடக்கும். பட்டத்தை மடித்துக்கொண்டு எல்லோரும் போய்விடுவார்கள். நானும் சமையற்கார ஜெசிந்தாவை, தோட்டத்து ஆட்களை, ரிஸ்வானை எல்லாம் வீட்டுக்கு அனுப்பவேண்டி வரும். காற்றுத் திரும்பி வரும்போது அவர்களில் பாதிப் பேர் வேறு ஆரோடோ வேலையில் இருப்பார்கள். ஜெசிந்தாவை ஒருமுறை அப்படிப் பறிகொடுத்தேன். அவளுடைய நண்டுக் கறியைத் திரும்ப இந்த வளவுக்குக் கொண்டுவர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இந்த வருத்தத்துக்கு மருந்தாக வந்தவன் மரேக். போலந்துக்காரன். காற்றுக்கு வந்தவன், காற்று விழுந்த பிறகும் போகவில்லை. மேசையில் இரண்டு ஸ்கிரீன் வைத்துக்கொண்டு அறைக்குள்ளேயே இருந்தான். ஏதோ சோதனைக்குப் படிக்கிறான் என்று நினைத்து, ஆட்களைச் சத்தம் போடவேண்டாம் என்றேன். பிறகு பார்த்தால் சீட்டு. எங்கெங்கோ நாட்டில் இருக்கும் ஆட்களோடு கொம்பியூட்டரில் போக்கர் ஆடுகிறான். அதுதான் அவன் தொழில். அவன் சொல்லி இன்னும் ஐந்தாறு பொடியன்கள் வந்தார்கள். லொட்ஜுக்குப் பின்னால் சிக்னல் கோபுரம் இருந்தது அவர்களுக்குச் சொர்க்கம்.

இப்படிப்பட்ட விருந்தாளிகளை நான் அதற்கு முன் கண்டதில்லை. டொல்பின் பார்க்கக் கேட்கமாட்டார்கள். கடற்கரையில் குப்பை என்று முறைப்பாடு இல்லை. வெயில் கூடாது, காற்றுத் தேவையில்லை. கேட்டதெல்லாம் மூன்று: சிக்னல், கரண்ட், தேத்தண்ணி. கரண்ட் போனால் மரேக்கின் முகம் கறுக்க முன் ஓடத் தொடங்குகிற ஜெனரேட்டர் ஒன்றை வாங்கிப் பூட்டினேன். அவர்கள் வந்த பிறகு காற்று விழுந்த மாதங்களில் ஒருவரையும் நான் வீட்டுக்கு அனுப்பவில்லை.

இப்போது விளங்கும், அன்றைக்கு எனக்கு ஏன் இடியப்பம் இறங்கவில்லை என்று. போக்கரைப் பூட்டினால் என் லொட்ஜில் பாதி வருடத்தைப் பூட்டின மாதிரி.

மரேக்கின் தோளில் தட்டி, “நோ வொறி, நான் இருக்கிறன்” என்றேன். அவனுக்கு முதல் பாதிதான் விளங்கியிருக்கும். ஆனாலும் இடியப்பத்தில் கை வைத்தான்.

2. சங்கம்

பொடியன்களுக்குக் கொழும்பில் ஒரு சங்கம் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. போக்கர் விளையாட்டைக் காப்பாற்றும் சங்கம். அதன் பெயர் மூன்று மொழியிலும் பெனர் நிறைய இருந்தது. ஆள்தான் ஒருவர். பிரசாந்த் என்று ஒரு தம்பி, வான் வண்டியில் தொப்பிப் பெட்டியும் டீசேர்ட் பெட்டியுமாக வந்து இறங்கினார். மற்ற உறுப்பினர்கள் எங்கே என்று கேட்டேன். அவர்கள் ஒன்லைனில் இருக்கிறார்களாம்.

தான் செய்ய வந்திருப்பது அட்வகசி என்றார். அது என்ன என்று கேட்டேன்.

“முடிவெடுக்கிறவங்கட மனசை மாத்துறது, அங்கிள்.”

இதை நான் கருவாட்டு லொறி ஓட்டிய காலத்திலிருந்து செய்துவருகிறேன். பெயர் தெரியாமல் செய்திருக்கிறேன், அவ்வளவுதான். பிரசாந்துக்கு அதற்குப் பிரசன்டேஷன் வேண்டும். எனக்கு நண்டு போதும்.

அவர் சொன்ன நியாயம் இது. சட்டத்துக்குப் பிடிக்காதது அதிர்ஷ்டத்தை நம்பி ஆடுகிற ஆட்டம். அதற்குத்தான் சூது என்று பெயர். போக்கர் அப்படியில்லை, அது மூளையால் ஆடுவது. கெட்டிக்காரன் நாளடைவில் வெல்வான், மற்றவன் தோற்பான். அதிர்ஷ்டமில்லை, திறமை என்று காட்டிவிட்டால் அரசாங்கம் போக்கரை விட்டுவிடும்.

கேட்டவுடன் எனக்குப் பிடித்துவிட்டது. ஏனென்றால் என் சீவியமும் அப்படித்தான். அதிர்ஷ்டம் என்ற சாமான் என் பக்கம் எட்டியும் பார்த்ததில்லை. கயிறு இழுத்தவன் லொட்ஜ் கட்டியது முழுக்க முழுக்கத் திறமை. இந்த நியாயத்தைப் பேசுவதற்குப் புத்தளம் மாவட்டத்தில் என்னைவிடப் பொருத்தமான ஆள் இல்லை என்று அவரிடமே சொன்னேன். அவரும் அப்படித்தான் நினைத்ததாகச் சொன்னார்.

முதல் வேலை, ஊர்ச்சனத்தின் ஆதரவு. மீனவர் சங்கக் கட்டிடத்தில் ஒரு வேர்க்‌ஷொப் வைத்தோம்.

எங்கள் பக்கத்துச் சனத்துக்கு வேர்க்‌ஷொப் புதிதல்ல. யுத்தம் முடிந்த பிறகு எத்தனை கண்டுவிட்டார்கள். ஆடு வளர்ப்பு, கை கழுவுதல், தலைமைத்துவம், நல்லிணக்கம், மறுபடியும் கை கழுவுதல். எந்த இடத்தில் தலையாட்டவேண்டும், எந்த இடத்தில் கை தட்டவேண்டும், படம் எடுக்கும்போது எப்படிச் சிரிக்கவேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். வாசலில் கேட்டது ஒரு கேள்விதான்: சாப்பாட்டுப் பார்சல் கோழியா, மீனா. மீன் என்றால் அவர்கள் பிடித்ததை அவர்களுக்கே கொடுப்பது. கோழி என்றேன். மண்டபம் நிறைந்தது.

பிரசாந்த் குழு குழுவாக இருத்தி, பெரிய தாளும் கலர்ப் பேனையும் கொடுத்து, போக்கரினால் சமூகத்துக்கு வரும் நன்மைகளை எழுதச் சொன்னார். முதலாம் குழு, இறங்குதுறைக்கு லைட் வேண்டும் என்று எழுதியது. இரண்டாம் குழு மண்ணெண்ணெய் விலையைக் குறைக்கச் சொன்னது. மூன்றாம் குழு எழுதவில்லை, அழகான ஒரு போட் படம் கீறியிருந்தது. பிரசாந்த் எல்லாவற்றையும் படம் எடுத்து, மக்கள் பங்களிப்பு மிகவும் திருப்தி என்று கொழும்புக்கு அனுப்பினார்.

பின்வரிசையில் இருந்த மரியான் மட்டும் கை உயர்த்தினான். மரியான் என் பழைய கூட்டாளி, கரைவலையில் எனக்குப் பக்கத்தில் கயிறு பிடித்தவன். சொந்த போட் வைத்திருப்பவன். ஆளை நக்கலடிக்கும்போது முகத்தில் ஒரு சிரிப்பும் வராது.

“தம்பி, எல்லாம் விளங்குது. இந்தப் போக்கர் எத்தனை பாகம் ஆழத்தில வலையில படும்?”

பிரசாந்த், ஆழமான சிந்தனை தேவைப்படும் விளையாட்டு என்று பதில் சொன்னார். மரியான் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

3. ஹாஜியார்

ஊரில் ஒரு ஆளின் சொல்லுக்குத் தனி மதிப்பு இருந்தது. பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருந்த ஹாஜியார். மன்னாரிலிருந்து தொண்ணூறாம் ஆண்டு மற்ற முஸ்லிம்களோடு துரத்தப்பட்டு, கையில் ஒன்றுமில்லாமல் வந்து, ஐஸ் கம்பனி நடத்துகிற அளவுக்கு வந்தவர். என்னை மாதிரிக் கையூன்றி எழும்பிய ஆள் என்றால் இந்தக் கரையில் அவர் ஒருவரைத்தான் சொல்வேன். அவரும் என்னைப் பற்றி அப்படித்தான் சொல்வார் என்று நினைக்கிறேன். கேட்டதில்லை.

பிரசாந்தையும் ரிஸ்வானையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். கதிரை போட்டு, பிஸ்கட்டும் பிளேன்டீயும் தந்து முழுதாகக் கேட்டார். பிரசாந்த் திறமை, மூளை, கணிதம் என்று எல்லாவற்றையும் சொல்லிமுடித்தார்.

“தம்பி நல்லாப் பேசுறீங்க, மாஷா அல்லாஹ்,” என்றார் ஹாஜியார். “ஆனா சூது சூதுதான். கெட்டிக்காரன் ஆடினாலும் மடையன் ஆடினாலும் எங்களுக்கு ஒண்டுதான். மூளையால செஞ்சா ஹலாலாகுமெண்டு ஈந்தா, பேங்க் உடைக்கிறவனுக்கும் மூளை ஈக்கிதுதானே.”

பிரசாந்த் பிளேன்டீயை வைத்துவிட்டு இன்னொரு பிஸ்கட் எடுத்தார்.

என் பக்கம் திரும்பினார். “மொதலாளி, ஒங்களோட எனக்குக் கோவமில்ல. ஆதரவா ஒரு சொல்லும் செல்ல மாட்டன். எதிர்த்தும் கூட்டம் கூட்ட மாட்டன். ஒங்கட லொட்ஜ் சும்மா கெடந்தா இந்த ரிஸ்வான்ட வீட்டு அடுப்பும் சும்மா கெடக்குமெண்டு எனக்குத் தெரியும்.”

ரிஸ்வான் தலையைக் குனிந்துகொண்டான். லொட்ஜுக்குக் கிட்ட வரும்போது, ஹாஜியார் நடுநிலை என்று எழுதிக்கொள்ளலாம் என்றார் பிரசாந்த்.

4. தோற்கிறதுக்கு ஆள் தேடியது

அந்த நேரத்தில்தான் செய்தி வந்தது. சட்டம் பற்றி மக்கள் கருத்துக் கேட்கக் கொழும்பிலிருந்து ஒரு குழு கரையோரமாக வருகிறது. புத்தளம் பக்கம் வரும்போது மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர்களை என் லொட்ஜுக்கு வரச்செய்தவன் நான். எப்படி என்று கேட்காதீர்கள். ஜெசிந்தாவின் நண்டுக் கறிக்குக் கொழும்பு வரை பெயர் இருந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பிரசாந்த் பிரசன்டேஷன் காட்டுவோம் என்றார். நான் விடவில்லை. வெயிலில் வந்த ஆளுக்குச் சுவரில் படம் காட்டினால் தூங்கிவிடுவார். கண் முன்னால் ஆட்டமே காட்டவேண்டும். ஒரு பக்கம் மரேக்கும் அவன் கூட்டாளி ஒருவனும். மறுபக்கம் போக்கர் தெரியாத இரண்டு ஊராட்கள். காசு இல்லை, புளியங்கொட்டை. திறமைதான் வெல்லும் என்றால் எங்கள் ஆட்கள் மளமளவென்று தோற்பார்கள். குழு கண்ணால் காணும். முடிந்தது விஷயம்.

பிரசாந்த் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பல்கலைக்கழகத்தில் படித்தவருக்கு இது வரவில்லை, எனக்கு வந்தது.

ஊராட்களாக மரியானையும் அவன் மச்சான் கில்பட்டையும் பிடித்தேன். இரண்டு பேரும் முந்நூற்று நாலு ஆடுவதில் பேர் போனவர்கள். முந்நூற்று நாலு என்பது எங்கள் கரை முழுக்க ஆடுகிற சீட்டு. இரண்டு பேர் ஒரு சோடியாக எதிரெதிரே இருந்து ஆடுவது. இவர்கள் சோடியாக இருந்தால் மாம்புரியிலிருந்து வந்த ஆட்களும் சீட்டாடும் வாடிக் கொட்டிலுக்குள் நுழைய யோசிப்பார்கள். சீட்டுப் பிடிக்கவே தெரியாத ஆட்களைக் கொண்டுவந்தால் குழு நம்பாது என்பது என் கணக்கு.

எதற்கும் ஒரு சொல் சொல்லிவையுங்கள், தோற்கத்தான் வேண்டும் என்று, என்றார் பிரசாந்த். சொன்னேன். மரியானுக்குக் கோபம் வந்துவிட்டது.

“தோக்கிறதுக்கு ஆள் வேணுமெண்டா மாம்புரியில போய்ப் பிடி, கதிரேசு. நான் ஆடுறதெண்டா ஆடுறது.”

“ஆடு. ஆடித் தோத்துப் போ. அவங்கள் இதில சம்பாதிச்சுச் சீவிக்கிறவங்கள்.”

“பாப்பம்,” என்றான்.

ஒரு கிழமை, ஏழு நாளும், மரேக் இரண்டு பேருக்கும் பாடம் எடுத்தான். ரிஸ்வான் மொழிபெயர்த்தான். ஆளுக்கு இரண்டு சீட்டு, ஒருவருக்கும் காட்டக்கூடாது. நடு மேசையில் ஐந்து சீட்டு ஒவ்வொன்றாக விரியும். கையையும் மேசையையும் சேர்த்து நல்ல சோடி ஆருக்கு வருகிறதோ அவர் வெல்வார். கை நல்லதென்றால் புளியங்கொட்டையைக் கூட்டித் தள்ளலாம், கூடாதென்றால் சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகலாம். மரியான் எல்லாவற்றுக்கும் “ஓம், ஓம்” என்றான். காது கேட்டதாகத் தெரியவில்லை. பொடியனாக இருந்த காலத்திலிருந்து சீட்டுப் பிடிக்கிறவனுக்குப் போலந்துக்காரன் என்ன சொல்லித்தருவது என்ற எண்ணம். சீட்டுக்கட்டில் இரண்டு முதல் ஆறு வரை கிடந்ததைப் பார்த்து, இந்தக் குப்பையை ஏன் கழிக்காமல் வைத்திருக்கிறாய் என்று மரேக்கிடம் கேட்டான். முந்நூற்று நாலில் அந்தச் சீட்டுகளுக்கு வேலையில்லை. மரேக் சிரித்தான். நானும் சிரித்தேன்.

5. நண்டு வேக முன்

குழுவில் மூன்று பேர். ஒருவர் வந்ததும் தூங்கினார். மற்றவர் போனைப் பார்த்தபடி இருந்தார். தலைவர் மட்டும் விழிப்பு. எல்லோரும் அவரைச் செயலாளர் ஐயா என்றார்கள். யாழ்ப்பாணத்துக்காரர், பேராதனையில் படித்தவர், மூக்கின் நுனியில் கண்ணாடி. பேசியது குறைவு. பிரசாந்த் சொன்னதையெல்லாம் கேட்டு, “ம்” என்றார்.

விறாந்தையில் மேசை போட்டு ஆட்டம் தொடங்கியது. மரியானும் கில்பட்டும் பழக்கதோஷத்தில் எதிரெதிராக உட்கார்ந்தார்கள். போக்கரில் ஆட்களுக்குள் சோடி கிடையாது, அவனவன் தனித்தனி என்று ரிஸ்வான் இன்னொரு முறை சொன்னான். ஓம் என்றார்கள். ஆனால் மரியான் காதைச் சொறிந்தால் கில்பட் சீட்டைக் கவிழ்ப்பதும், கில்பட் செருமினால் மரியான் கவிழ்ப்பதும் நடந்துகொண்டே இருந்தது. செயலாளர் ஐயா கண்ணாடிக்கு மேலால் அதைப் பார்த்தார். வாயோரத்தில் ஏதோ அசைந்தது. எனக்கு அப்போது விளங்கவில்லை.

மற்றபடி எல்லாம் என் திட்டப்படி. கொஞ்ச நேரத்தில் புளியங்கொட்டைக் குவியல் மரேக் பக்கம் ஏறியது. மரேக் ஆளின் முகத்தைப் பார்த்தே கையில் என்ன சீட்டு என்று சொன்னான். தூங்கிய ஐயாவே விழித்து, அட என்றார். “இதுதான் சேர், திறமை,” என்று ஒவ்வொரு கைக்கும் சொன்னார் பிரசாந்த். கடைசியில் செயலாளர் ஐயா, இதில் விஷயம் இருக்கத்தான் செய்கிறது, குறித்துக்கொள்ளுங்கள் என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். பிரசாந்த் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். குசினி வாசலில் நின்ற ஜெசிந்தாவுக்கு நான் தலையாட்டினேன், காற்று விழுந்தாலும் உனக்கு வேலை இருக்கு என்கிற மாதிரி.

அதோடு எழும்பியிருக்கலாம். ஆனால் ஜெசிந்தா, நண்டு இன்னும் வேகவில்லை என்று கை காட்டினாள். சும்மா இருத்தி வைக்கக்கூடாதே என்று, இன்னும் ஒரு கை போடச் சொன்னேன்.

சீட்டு விழுந்தது. மரியான் தன்னுடைய இரண்டையும் மெல்லத் தூக்கிப் பார்த்தான். காதைச் சொறிந்தான். கில்பட் உடனே கவிழ்த்துவிட்டான். மரேக்கின் கூட்டாளியும் விலகினான். மரியான் தன் பக்கம் மிஞ்சியிருந்த கொட்டை முழுவதையும் இரண்டு கையாலும் நடு மேசைக்குத் தள்ளினான். மரேக் தன் சீட்டைப் பார்த்தான், மரியானைப் பார்த்தான், சந்தோஷமாகத் தானும் அவ்வளவு தள்ளினான். இரண்டு பேரும் சீட்டை விரித்தார்கள்.

மரேக்கின் கையில் இரண்டு ஆசு. போக்கரில் அதைவிடப் பெரிய தொடக்கம் இல்லையாம். மரியானின் கையில் ஒரு ஜாக், ஒரு ஒன்பது.

மரியான் கொட்டையை அள்ளத் தொடங்கினான்.

“மரியான் அண்ணே, பொறுங்க,” என்று ரிஸ்வான் அவன் கையைப் பிடித்தான். “இன்னும் நடுச்சீட்டு விரியல்ல.”

“விரிச்சா என்ன, விரியாட்டி என்ன? பார் கையை.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. முந்நூற்று நாலில் ஜாக்தான் எல்லாவற்றிலும் பெரிது. அதற்கு அடுத்தது ஒன்பது. ஆசு அதற்கும் கீழே. மரியான் ஒரு கிழமையாகப் போக்கர் ஆடவில்லை. முந்நூற்று நாலின் சீட்டைப் போக்கர் மேசையில் ஆடிக்கொண்டிருந்திருக்கிறான்.

சரி, இப்போது தோற்பான், எல்லாம் சரிவரும் என்று பிரசாந்துக்குச் சைகை காட்டினேன். மரேக்கும், பாவம், மரியானின் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னான். நடுச்சீட்டு விரிந்தது. ஒரு ராசா. ஒரு நாலு. ஒரு ஒன்பது. பிறகு ஒரு இரண்டு. கடைசிச் சீட்டு, ஜாக்.

ஜாக் ஒரு சோடி, ஒன்பது ஒரு சோடி. மரேக்குக்கு ஆசு ஒரு சோடி மட்டும். போக்கர்ச் சட்டப்படியே மரியான் வென்றுவிட்டான். அவன் நடுச்சீட்டைத் திரும்பியும் பார்க்கவில்லை. அள்ளிமுடித்துவிட்டான்.

“இது... நீண்ட காலத்தில பார்த்தா சேர், திறமைதான்,” என்றார் பிரசாந்த்.

“எவ்வளவு நீண்ட காலம், தம்பி?”

“ஒரு பத்தாயிரம் கை ஆடினா...”

“அதுவரைக்கும் நண்டு தாங்குமோ?” செயலாளர் ஐயா மரியான் பக்கம் திரும்பினார். “நீர் சொல்லும். ஏன் காணும் முழுக்கத் தள்ளினனீர்?”

“இதில என்னையா கேள்வி? கையில ஜாக், பக்கத்தில ஒன்பது. இவர் வெறும் ஆசு ரெண்டை வெச்சுக்கொண்டு வாறார். எனக்குப் பாவமாத்தான் கிடந்தது.”

செயலாளர் ஐயா கண்ணாடியைக் கழற்றினார். அவர் சிரித்ததை அப்போதுதான் கண்டேன். வயிறு குலுங்கச் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“முந்நூற்று நாலோ? ஜாக்கும் ஒன்பதும் வந்தா நானும் விட்டிருக்கமாட்டன்.” பிறகு பிரசாந்தைப் பார்த்தார். சிரிப்பு இல்லை. “விளையாட்டே தெரியாதவர், தெரிஞ்சவரை, தான் என்ன செய்யிறார் எண்டு தெரியாமலே வெல்லுறார். இதுக்குத் திறமை எண்டு எழுதச் சொல்லுறீரோ?”

பிரசாந்திடம் பதில் இருந்திருக்கும். ஆனால் நண்டு வந்துவிட்டது.

சாப்பிட்டு முடிந்ததும் குழு அடுத்த ஊருக்குப் போகவேண்டும். போகவில்லை. செயலாளர் ஐயா சீட்டுக்கட்டை எடுத்து, இரண்டு முதல் ஆறு வரை தானே பொறுக்கி எறிந்துவிட்டு, மரியானுக்கு எதிரே சோடியாக உட்கார்ந்தார். எதிர்ப்பக்கம் கில்பட்டும் நானும். வான் சாரதி இரண்டு முறை வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போனார். கில்பட் ஒரு சீட்டைப் பிழையாகப் போட்டதற்கு, “என்ன காணும், செத்த வீட்டிலயோ சீட்டுப் பழகினனீர்?” என்று செயலாளர் ஐயா கேட்டார். அவரும் காதைச் சொறிந்தார் என்று நான் சொன்னால் நம்பமாட்டீர்கள். இரண்டு காதையும் சொறிந்தார்.

மரேக் கதிரைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான்.

6. வளவாளர்

சில மாதத்தில் போக்கர் சைட்டுகள் பூட்டப்பட்டன. மரேக் இரண்டு ஸ்கிரீனையும் துணியில் சுற்றினான். பொடியன்கள் வியட்நாமுக்குப் போனார்கள். மரேக் என்னைக் கட்டிப்பிடித்து, நீ முயற்சி செய்தாய் என்றான். பிரசாந்த் வேறொரு சங்கத்தில் சேர்ந்துவிட்டார். அதற்கும் மூன்று மொழியில் பெயர் இருக்கிறதாம்.

காற்று விழுந்தது. ஜெசிந்தாவிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் நான் குசினிப் பக்கமே போகாமல் இருந்தேன். அவளுக்கு விளங்கிவிட்டது. சட்டி பானைகளைக் கழுவி, கவிழ்த்து, துணி போட்டு மூடத் தொடங்கினாள். நான் போகமுன் வேற ஆளுக்குச் சொல்லிவையுங்கோ, திரும்பி வருவன் எண்டு நம்பாதீங்கோ என்று முகத்தைப் பாராமல் சொன்னாள்.

அப்போது ரிஸ்வான் போனோடு ஓடிவந்தான்.

“மொதலாளி, கொழும்புல ஈந்து பேசுறாங்க. பத்து ரூமும் வேணுமாம். கெழமைக்கணக்கா. மாத்தி மாத்தி ஆக்கள் வருவாங்களாம்.”

உத்தியோகத்தர்களுக்கான வதிவிடப் பயிற்சிப் பட்டறையாம். பெனரும் வந்தது: கூட்டு முடிவெடுத்தலும் முன்திட்டமிடலும். பாடம் எடுக்கிற வளவாளர் யார் என்று கேட்டேன். செயலாளர் ஐயாவே போனுக்கு வந்தார்.

“உம்மட மரியான்தான். வேற ஆர்?”

அன்றிலிருந்து காற்று விழுந்த மாதங்களில் என் லொட்ஜ் நிறைந்துதான் இருக்கிறது. காலையில் அரை மணித்தியாலம் பெனருக்கு முன்னால் படம் எடுப்பார்கள். பிறகு விறாந்தையில் மேசைகள், முந்நூற்று நாலு. மரியான் கழுத்தில் அடையாள அட்டையோடு மேசை மேசையாகப் போய்ப் பிழை திருத்துவான். மேசைக்கு மேலே புளியங்கொட்டைதான். கீழே என்ன கை மாறுகிறதென்று நான் குனிந்து பார்த்ததில்லை. லொட்ஜ்காரன் குனியக்கூடாது.

ஒருநாள் ஐஸ் கணக்குப் பேச வந்த ஹாஜியார், விறாந்தையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“இது பயிற்சிப் பட்டறை, ஹாஜியார்,” என்றேன்.

“ஓம், பாத்தன். படைச்சவனுக்கும் பெனர் வாசிக்கத் தெரியும், மொதலாளி,” என்று சொல்லிவிட்டு, ஜெசிந்தா தந்த பிளேன்டீயைக் குடித்துவிட்டுப் போனார். ஐஸ் மட்டும் நிறுத்தவில்லை.

அடுத்த கச்சானுக்கு மரேக் பட்டத்தோடு திரும்பி வந்தான். காற்று விழுந்த பிறகும் பழையபடி போகவில்லை. பட்டறை மேசையில் ஒரு ஆள் குறைந்தபோது அவனை இருத்தினார்கள். முதல் சுற்றிலேயே பெருமையாக ஒரு ஆசுச் சீட்டைத் தூக்கிப் போட்டான். செயலாளர் ஐயா ஒரு ஜாக்கை அதன் மேல் அறைந்தார்.

“தம்பி, இஞ்ச இதுதான் பெரிசு.”

மரேக் அந்தச் சுற்றை ஆடிமுடித்தான். பிறகு என்னிடம் வந்து, உன் லொட்ஜ் தப்பியது அதிர்ஷ்டம்தானே என்று அரைகுறைத் தமிழில் கேட்டான்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். ஆரிடமாவது நியாயம் பேசப் போனால், அவர்கள் மேசையில் எந்தச் சீட்டுப் பெரிதென்று முதலில் கேட்டுவிட்டுப் பேசுங்கள். சட்டம், மூளை, கணிதம் எல்லாம் அதற்குப் பிறகு. போக்கருக்காக இந்த நாட்டில் பேசியவர்கள் எல்லோரும் தோற்றார்கள், நான் ஒருவன்தான் தோற்கவில்லை. நண்டு வேகத் தாமதமாகும் என்றும், மரியான் ஜாக்கைத் தள்ளுவான் என்றும், செயலாளர் முந்நூற்று நாலுக்காரர் என்றும் எனக்கு முன்கூட்டியே தெரியாதுதான். அதனால் என்ன?

மரேக்குக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். அது திறமை.